1960 மொரிஸ் மைனர்: காரோட வந்த எஸ்.யூ. காபரேட்டரைத் திருத்த ஆராவது இருக்கினமா?

கோண்டாவில்_மைனர்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின்ர மொரிஸ் மைனர் ஒண்டு வீட்டுக் கொட்டிலுக்குள்ள நிக்குது. 1960ஆம் ஆண்டுக் கார், 948 சிசி. பெயின்ற், சீற், வயரிங் எல்லாம் ரெண்டு வருசமாச் சிறுகச் சிறுகச் செய்து முடிச்சாச்சு. கொம்பிரஷன் நாலு சிலிண்டரிலயும் நல்லாக் காட்டுது. பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற காபரேட்டர்தான் என்னைப் போட்டு ஆட்டுது.

காலமை சோக் இழுத்து ஸ்ராட் பண்ணினால் உடன பிடிக்கும். சூடாகினாப் பிறகு ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரில கால் வைக்காமல் ஓடுற வேகம், ஒரு இடத்தில நிக்காது. தன்ரபாட்டில ஏறும், இறங்கும், சந்தியில நிக்கேக்க நூந்து போகும். ஸ்குரூவைக் கூட்டிவிட்டால் காலை எடுத்த பிறகும் கத்திக்கொண்டு நிக்கும். அதோட 30 மைலில ஓடேக்க பின்னால கறுப்புப் புகை. பிளக் நாலும் அடுப்புக்கரி.

ரெண்டு கராஜில குடுத்துப் பாத்திட்டன். முதல் ஆள் மூடியைத் திறக்கவே இல்லை, "உதைக் கழட்டி எறிஞ்சிட்டு ஜப்பான் காபரேட்டர் ஒண்டு பூட்டுங்கோ" எண்டார். ரெண்டாவது ஆள் மூண்டு கிழமை வச்சிருந்து வடிவா மினுக்கித் தந்தார். முந்தியை விட மோசம்.

காபரேட்டர் எஸ்.யூ. கொம்பனியின்ர எச்.எஸ்.2 மொடல், காரோட வந்த அதே சாமான். நம்பர் அடிச்ச சின்ன அலுமினியத் தகடுகூட மூடி ஸ்குரூவுக்குக் கீழ அப்பிடியே கிடக்கு. மாத்த மனமில்லை. யாழ்ப்பாணத்திலயோ கொழும்பிலயோ முறையாத் திருத்துற ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ.

டொல்பின்_வான்:

அண்ணை, முதல் ஆள் சொன்னதுதான் சரி. என்ர மாமா மைனருக்கு ஜப்பான் காபரேட்டர் பூட்டி இருவது வருசம் ஓடினவர். ஒரு அடப்டர் தகடு வெட்டினால் காணும். திருத்திற காசுக்கு ரெண்டு வாங்கலாம்.

லேத்து_கோவை:

வணக்கங்க. நமக்குக் கோயமுத்தூர், சின்ன லேத் பட்டறை. பழைய அம்பாசடர்ல வந்த எஸ்.யூ. கொஞ்சம் கை பட்டிருக்கு.

ஆள் தேடறதுக்கு முன்னாடி என்ன வேலைன்னு நீங்க தெரிஞ்சுக்கோங்க. "கார்பரேட்டர் சரியில்லை"ன்னு மொட்டையாக் குடுத்தா, வாங்கறவர் ஒரு கிட் வாங்கி, வாஷரை மாத்தி, பெட்ரோல்ல கழுவித் திருப்பிக் குடுத்துடுவாரு. அதுக்குப் பேரு ரீபில்டு இல்லைங்க, குளிப்பாட்டறது.

எஸ்.யூ.வுல, சோலெக்ஸ்ங்கற இன்னொரு வகைக் கார்பரேட்டர் மாதிரி ஐட்லுக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட்னு கிடையாது. இருக்கறது ஒரே ஜெட், அதாவது பெட்ரோல் வர்ற துளை. அதுக்குள்ள நுனி சிறுத்த ஊசி ஒண்ணு, அந்த ஊசி பிஸ்டனோட சேர்ந்து ஏறி இறங்கும். இன்ஜின் எவ்வளவு காத்து இழுக்குதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் மேல போகும், ஊசியும் அந்த அளவுக்கு வழி விடும். அவ்வளவுதான் மொத்த சூட்சுமம். கெட்டுப்போற இடமும் கொஞ்சம்தான்.

ஐட்லிங் ஆடுதுன்னா நான் முதல்ல சந்தேகப்படறது த்ராட்டில் ஸ்பிண்டிலைத்தான், அதாவது ஆக்சிலேட்டர் மிதிச்சாத் திறக்கற தட்டு மாட்டியிருக்கற தண்டை. இன்ஜின் சூடா ஓடறப்ப ஸ்பிண்டில் கார்பரேட்டர் உடம்புக்குள்ள நுழையற ரெண்டு முனையிலயும் சொட்டு இன்ஜின் ஆயில் வைங்க. ஆட்டம் அடங்குச்சுன்னா, காத்து அந்த வழியாத்தான் திருட்டுத்தனமா நுழையுது.

அப்பறம் "மினுக்கித் தந்தார்"னு சொன்னீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பிஸ்டனையும் மேல இருக்கற குடுவையையும் ஃபேக்டரியில ஜோடியாப் பொருத்தி அனுப்புவாங்க. உள்ள எமரி பேப்பர் போட்டிருந்தா முடிஞ்சுது. ஸ்பிரிங்கை எடுத்துட்டு, பிஸ்டன் அடியில இருக்கற ரெண்டு ஓட்டையையும் களிமண்ணுல அடைச்சு, டாம்பரை (குடுவை உச்சியில ஆயிலுக்குள்ள நிக்கற தண்டு) மாட்டித் தலைகீழாப் பிடிங்க. பிஸ்டனைக் கையில வச்சுக்கிட்டுக் குடுவையை விடுங்க. இந்த ஒண்ணேகால் இஞ்ச் சைஸுக்கு 3லிருந்து 5 விநாடியில இறங்கணும். கீழ துணி விரிச்சுக்கோங்க, மறந்துடாதீங்க.

கடைசியா ஊசியைக் கழட்டி, தண்டுல என்ன எழுத்து அடிச்சிருக்குன்னு பாருங்க.

கோண்டாவில்_மைனர்:

அண்ணா, நேற்றுப் பின்னேரம் முழுக்க இதுதான் வேலை.

கோழி இறகால ஒயில் தொட்டு வச்சன். லீவர் இருக்கிற பக்கம் வச்ச உடன ஆட்டம் அடங்கி, எஞ்சின் தையல் மெசின் மாதிரி நிண்டுது. ஒயிலை உறிஞ்சி முடிய ஒரு நிமிசம் போயிருக்காது, திரும்பப் பழைய கூத்து.

குடுவை விழ 3 செக்கன் எண்டியள். ஒண்டரைதான். ரோச் அடிச்சுப் பாத்தால் உள்சுவர் முழுக்கக் கீறல். பிஸ்ரன் கண்ணாடி மாதிரி மினுங்குது. ஆர் செய்தது எண்டு சொல்லத் தேவையில்லை.

ஊசியில எம் எண்டு அடிச்சிருக்கு. ஆனா நடுப்பகுதியில ஒரு பக்கம் தட்டையாக் கிடக்கு, அரம் பட்ட அடையாளம் நல்லாத் தெரியுது. இது மினுக்கினவரின்ர வேலை இல்லை, பழங்காயம் மாதிரிக் கறுத்துப்போய் இருக்கு. இன்னொண்டு: காபரேட்டர் வாயில, எயார் ஃபில்டர் பூட்டுற பக்கமா, உடம்பில சின்ன ஓட்டை போட்டு ஒரு செப்புக் குழாய் இறுக்கி இருக்கு. வெளி முனையை மெழுகால அடைச்சிருக்கு. மைனருக்கு இப்பிடி ஒரு குழாய் வாறதோ?

ஸ்காபரோ_பெரியப்பா:

தம்பி, அந்தக் குழாயைப் பாக்காமலே சொல்லுவன். அது எங்கட 90ஆம் ஆண்டுக் குழாய்.

90இல சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு வாற பாதை பூட்டினாப் பிறகு பெற்றோல் எண்டது மருந்துக் கணக்கில அளந்து வித்த சாமான். கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. மண்ணெண்ணெய் குளிரில ஆவியாகாது, அதால ஸ்ராட் எடுக்கிறதுக்கு மட்டும் துளி பெற்றோல் வேணும். எங்கட அப்பர் வாடகைக்கு ஒஸ்ரின் ஏ போர்ட்டிக் கார் வச்சிருந்தவர். பொனற்றைத் தூக்கிப்போட்டு, பழைய சேலைன் போத்தலில ஒரு மிடறு பெற்றோல் விட்டு, ரியூப்பை அப்பிடி ஒரு குழாயில கொழுவி, நான் போத்தலை நசிக்க அவர் செல்ஃபை அடிப்பார். எனக்கு அப்ப பன்ரெண்டு வயசு. கூட நசிச்சால் ஏச்சு, குறைய நசிச்சாலும் ஏச்சு. எஞ்சின் கொஞ்சம் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயில பிடிச்சிடும். பின்னால சைக்கிளில வாறவனுக்குக் கண் எரியும்.

ஊசியை அரத்தால ராவினதும் அதுக்குத்தான். ஊசி மெலிஞ்சால் எண்ணெய் கூடப் போகும். இக்னிஷனையும் பின்னுக்குத் தள்ளி வைப்பினம், இல்லாட்டி நொக்கிங், எஞ்சின் தட்டுற சத்தம், தாங்கேலாது. இப்ப நீர் அதே ஊசியில பெற்றோல் விட்டு ஓடுறீர். கறுப்புப் புகை வராமல் என்ன செய்யும்?

கோண்டாவில்_மைனர்:

பெரியப்பா, அப்பா இதைப்பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. 95 ஒக்ரோபரில சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயரேக்க இந்தக் கார்தான் எங்களை ஏத்திக்கொண்டு தென்மராட்சிக்குப் போனது எண்டது தெரியும். எனக்கு அப்ப மூண்டு வயசு. என்னத்தில ஓடினது எண்டு நான் கேட்டதுமில்லை.

லேத்து_கோவை:

படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேங்க.

சரி, வேலைக்கு வருவோம். இப்ப தெளிவாயிடுச்சு, உங்களுக்கு மூணு தனித்தனி நோய். ஐட்லிங் ஆடறது ஸ்பிண்டில். நடு வேகத்துல புகை, அது ஊசி. முன்னைக்கு மோசமானது எமரி பேப்பர். ஊசிக்கும் குடுவைக்கும் மெக்கானிக்கே வேண்டாம், சாமான் வாங்கி நீங்களே மாத்திக்கலாம். ஸ்பிண்டிலுக்கு மட்டும்தான் ஆள் வேணும். அதுவும் கார்பரேட்டர் மெக்கானிக் இல்லை, நல்ல டர்னர், லேத்துல வேலை செய்யறவர்.

ஸ்பிண்டில் 5/16 இஞ்ச், அதாவது 7.94 மி.மீ. பெரும்பாலும் உடம்பை விட ஸ்பிண்டில்தான் அதிகம் தேஞ்சிருக்கும். அதனால எடுத்த எடுப்புல துளை போடச் சொல்லாதீங்க. முதல்ல புது ஸ்பிண்டிலை மாட்டி ஆட்டிப் பாருங்க. ஆட்டம் போயிடுச்சுன்னா வேலை அங்கயே முடிஞ்சுது. இன்னும் ஆடுச்சுன்னாத்தான் புஷ், அதாவது ஓட்டையைப் பெருசாக்கி உள்ள தள்ளற சின்னக் குழல்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "ரெண்டு பக்க ஓட்டையையும் எப்படிப் போடுவீங்க?" ஒரே பிடியில, ஒரே ரீமர் (ஓட்டையை அளவாச் சீவற கருவி) ரெண்டையும் ஊடுருவிப் போகணும்னு சொன்னாருன்னா உக்காந்து டீ சாப்பிடுங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, திருப்பி வச்சு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு சொன்னாரு, இல்ல ஹேண்ட் ட்ரில்லை எடுத்தாருன்னா, கார்பரேட்டரைத் தூக்கிட்டு வந்துடுங்க. ரெண்டு ஓட்டையும் ஒரே கோட்டுல இல்லைன்னா ஸ்பிண்டில் இறுகும், இறுகினா ஆக்சிலேட்டர் திரும்பாது. அது ஐட்லிங் பிரச்சினை இல்லைங்க, உயிர்ப் பிரச்சினை.

டொல்பின்_வான்:

எட்டு மி.மீ. கம்பி ஒண்டைக் கடைஞ்சு போட்டால் சரிதானே அண்ணை? 7.94 எண்டால் எட்டுத்தான்.

லேத்து_கோவை:

கேள்வி நியாயமானதுதான். 8 மி.மீ. ரீமரை விட்டு, 8 மி.மீ. கிரவுண்ட் ராடுல ஸ்பிண்டில் பண்ணவும் பண்ணலாம். ஆனா அது தேய்மானம் 0.06 மி.மீ.க்குள்ள இருந்தாத்தான் சரிப்படும். லீவர் பக்கம் ஓட்டை வட்டமாவே இருக்காது, ஸ்பிரிங் இழுத்து இழுத்து முட்டை வடிவமா ஆகியிருக்கும். ரீமர் அந்த முட்டையோட சாய்ஞ்சுக்கிட்டே போகும். அதோட தட்டு உக்கார்ற அந்த நீளப் பிளவை நடுவுல நேரா வெட்டறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஸ்பிண்டிலை வாங்கிடுங்க, அதுதான் மலிவு.

ஹரோ_அக்கா:

நான் லண்டனில, மைனர் ட்ரவலர் வச்சிருக்கிறன், மரச்சட்டம் போட்ட அந்தக் கார். எஸ்.யூ. பேரில சாமான் இப்பவும் புதுசாச் செய்யினம், சோல்ஸ்பரியில இருக்கிற பேர்லன் கொம்பனி. எம் ஊசி, ஜெட், ஃப்ளோட் வால்வ், ஸ்பிண்டில், த்ரொட்டில் தட்டு எல்லாம் எடுக்கலாம். வலைத்தளங்களில அரை விலைக்கு வாற கிட்டை வாங்காதீங்கோ. ஒருக்கா வாங்கி ஏமாந்தனான், ஊசியில எழுத்தே இல்லை.

உங்கட தகட்டில இருக்கிற, ஏ.யூ.சி. எண்டு தொடங்கிற நம்பரைச் சொல்லித்தான் ஓடர் குடுக்கோணும். ஸ்பிரிங்கில சிவப்புப் பெயின்ற் அடையாளம் இருக்கோ எண்டும் பாருங்கோ.

குடுவை–பிஸ்ரன் ஜோடி புதுசு விலை கூட. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையளில மினிக் காரின்ர எச்.எஸ்.2 கிடைச்சால் அதில இருந்து ஜோடியாக் கழட்டிப் போடலாம், அளவு ஒண்டுதான். ஊசியும் ஸ்பிரிங்கும் மட்டும் உங்கட காருக்குரியது. ஆனா குடுவை ஒரு கடையில, பிஸ்ரன் இன்னொரு கடையில எண்டு எடுக்கவே கூடாது.

இதையும் சொல்லவேணும்: எஸ்.யூ. எண்டால் ஸ்கின்னர் யூனியன். அந்தக் குடும்பம் சப்பாத்துக் கடைக்காரர். 1905 அளவில அவையள் செய்த முதல் காபரேட்டரில பிஸ்ரனே இல்லை, தோலால செய்த துருத்திதான் ஏறி இறங்கினது. வீட்டில இருந்த தோல்தானே! பிறகு 1926இல மொரிஸே அந்தக் கொம்பனியை வாங்கிட்டுது.

கோண்டாவில்_மைனர்:

அக்கா, ஸ்பிண்டில், தட்டு, தட்டு ஸ்குரூ, எம் ஊசி, ஜெட், ஃப்ளோட் வால்வ் ஓடர் பண்ணியாச்சு. மச்சான் ஒருத்தன் அடுத்த மாதம் லண்டனில இருந்து வாறான், அவன்ர பெட்டியில வரும்.

இப்ப ஒரு கேள்வி. அந்தச் செப்புக் குழாயைக் கழட்டி ஓட்டையை அடைக்கிறதோ? ஒறிஜினலாக் கொண்டுவரத்தானே இவ்வளவு பாடும்.

மினி_பிரியன்_கண்டி:

கழட்டுங்கோ. கண்காட்சிக்குக் கொண்டுபோனால் முதல் கண் அதிலதான் போகும். காரோட வராத சாமான் காரில இருக்கக் கூடாது.

ஸ்காபரோ_பெரியப்பா:

காரோட வராததுதான். ஆனா அந்தக் காரை 95இல கைதடிப் பாலத்தைக் கடக்க வச்சது அது. கண்காட்சிக்காரருக்காகவோ நீர் திருத்துறீர்?

மினி_பிரியன்_கண்டி:

ஐயா, மனம் நோகச் சொல்லேல்லை. அப்பிடிப் பாத்தால் அரம் போட்ட ஊசியையும் வச்சிருக்கவேணும், புகையையும் வச்சிருக்கவேணும்.

லேத்து_கோவை:

சண்டை வேண்டாங்க. டெக்னிக்கலாச் சொன்னா குழாய் வாய்ப்பக்கம், அதாவது பிஸ்டனுக்கு முன்னாடி இருக்கு. அங்க காத்துக் கசிஞ்சாலும் பிஸ்டன் அதைக் கணக்குல எடுத்துக்கும். த்ராட்டில் தட்டுக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தா நானே அடைக்கச் சொல்லியிருப்பேன். ஃபில்டரைத் தாண்டித் தூசி போகாம ஒரு ரப்பர் மூடி போட்டா போதும். வைக்கறதா எடுக்கறதான்னு வீட்டுக்காரங்க முடிவு பண்ணட்டும். ஊசி வேற கதை, அது இன்ஜினைக் கெடுக்கும்.

கோண்டாவில்_மைனர்:

ஒண்டரை மாதம் கழிச்சு வாறன், மன்னிக்கவும். சாமான் வந்திட்டுது. ஆளும் கிடைச்சார். அதைத்தான் விரிவா எழுதவேணும்.

முதல்ல டவுனில ஒரு பட்டறை. அண்ணா சொன்ன கேள்வியைக் கேட்டன். தம்பி ஒருத்தர் ஹேண்ட் ட்ரில்லைக் கையில எடுத்துக்கொண்டே "அஞ்சு நிமிச வேலை அண்ணை" எண்டார். வந்திட்டன். பிறகு கொழும்பில ஒருத்தர், ஃபோனில நல்லாக் கதைச்சவர், ஆனா முழுக் காபரேட்டரையும் பஸ் பார்சலில போடச் சொன்னார். அதுக்கு மனம் வரேல்லை.

மூண்டாவது ஆள் மல்லாகப் பக்கம். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்பில டர்னரா இருந்தவர், 90இல அது பூட்டினதோட வெளியில வந்தவர். வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டில், அதுக்குள்ள பெல்ற்றில ஓடுற லேத் ஒண்டு. நான் வாயைத் திறக்க முந்தியே உடம்பை வாங்கி, ஸ்பிண்டிலை விரலால மேலயும் கீழயும் ஆட்டிப்போட்டு, "புதுச் ஸ்பிண்டில் கொண்டந்தனீரோ?" எண்டார். கோவை அண்ணான்ர அதே வசனம்!

புதுசைப் போட்டார். ஒரு பக்கம் ஆட்டம் நிண்டுது, லீவர் பக்கம் நிக்கேல்லை. "சரி, ரெண்டு பக்கமும் புஷ் போடுவம், ஒண்டுக்குப் போட்டால் கோடு பிழைக்கும்" எண்டிட்டு, பழைய தட்டைக் கழட்டத் தொடங்கினார். தட்டைப் பிடிக்கிற ரெண்டு ஸ்குரூவின்ர நுனியும் பிளந்து விரிச்சிருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. நான் கழட்டியிருந்தால் முறிச்சிருப்பன். அவர் சின்னக் குறடால நுனியை நசிச்சுச் சேர்த்துப்போட்டுத்தான் திருப்பினார். தட்டின்ர விளிம்பு சரிவா இருக்கும், மாறிப் போட்டால் பூட்டாது எண்டு, கழட்ட முந்தி ஒரு கீறு போட்டு அடையாளம் வச்சார்.

காபரேட்டரின்ர முகத்தை ஒரு கோணத் தகட்டில போல்ற் பண்ணி, லேத் கரியேஜில ஏத்தி, டயல் கேஜ் வச்சு நேர் பாக்கவே ஒரு மணித்தியாலம். துளை போட பத்து நிமிசம். வெண்கலத்தில ரெண்டு புஷ் கடைஞ்சு தள்ளினாப் பிறகு ரீமரைக் கையால மெதுவாத் திருப்பினார், ஒரு புஷ்ஷுக்குள்ளால மற்றதுக்குள்ள போகேக்க சத்தமே மாறேல்லை. அதைத்தான் அவர் கேட்டுக்கொண்டு நிண்டவர். ஸ்பிண்டிலைப் போட்டுச் செங்குத்தாப் பிடிக்க, தன்ர பாரத்தில வழுக்கி விழுந்துது. பக்கவாட்டு ஆட்டம் இல்லை.

கடைசியில புது ஸ்குரூ நுனியை விரிச்சுக் காட்டி, "இது கழண்டால் நேரா எஞ்சினுக்குள்ளதான் போகும்" எண்டார். காசு நான் நினைச்சதில பாதி. கூடக் குடுக்க வெளிக்கிட வாங்கேல்லை.

ஹரோ_அக்கா:

வாசிக்கவே சந்தோசமாக் கிடக்கு. குடுவை?

கோண்டாவில்_மைனர்:

பஞ்சிகாவத்தையில மூண்டாவது கடையில ஒரு மினிக் காபரேட்டர். உடம்பு உடைஞ்சு போனது, ஆனா குடுவை–பிஸ்ரன் ஜோடி குலையாமல் இருந்துது. கடைக்காரற்ற மேசையிலயே விழுத்திப் பாத்தன், நாலு செக்கன். அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார்.

பூட்டினது இப்பிடி: ஜெட்டின்ர லொக் நட்டை இளக்கி, பிஸ்ரன் "டிக்" எண்டு தட்டுற சத்தம் வருமட்டும் ஜெட்டை நடுவுக்குக் கொண்டந்து இறுக்கினன். இது மட்டும் மூண்டு தரம் பிழைச்சுது, பொறுமை வேணும். ஜெட்டை மேல மட்டத்துக்கு ஏத்தி, ஆறு பட்டை நட்டை 12 பட்டை திருப்பிக் கீழ இறக்கினன், அதாவது ரெண்டு முழுச் சுத்து. டாம்பருக்கு 20 நம்பர் எஞ்சின் ஒயில். ஸ்ராட் எடுத்துச் சூடாக்கி, பக்கத்தில இருக்கிற தூக்கு ஊசியால பிஸ்ரனை மயிரிழை தூக்கிப் பாத்தன். வேகம் ஏறி ஏறிக்கொண்டே நிண்டுது, பெற்றோல் கூட எண்டு அர்த்தம். ரெண்டு பட்டை ஏத்தினன். இப்ப தூக்கினால் சாடையா ஏறிப்போட்டுப் பழைய இடத்துக்கு வருது.

சுன்னாகம் வரை போட்டு வந்தன். புகை இல்லை. சந்தியில நூரேல்லை.

டொல்பின்_வான்:

லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?

கோண்டாவில்_மைனர்:

இன்னும் அளக்கேல்லை தம்பி. ராங்கில கேஜ் வேலை செய்யாது, அது அடுத்த இழை.

அந்த ஐயாவின்ர விலாசத்தைக் கன பேர் தனிமடலில கேட்டிருக்கிறியள். பொதுவில போடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார், ஸ்மார்ட் ஃபோனும் இல்லை. ஆருக்கும் உண்மையாத் தேவையெண்டால் எனக்கு எழுதுங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன். உடம்பையும் ஸ்பிண்டிலையும் மட்டும் கொண்டுவாங்கோ, கழுவிப்போட்டு. மினுக்கினால் திருப்பி அனுப்பிப்போடுவார்.

ஸ்காபரோ_பெரியப்பா:

குழாய்?

கோண்டாவில்_மைனர்:

இருக்கு பெரியப்பா. அம்மா பூந்தொட்டித் தண்ணிக் குழாயில இருந்து ஒரு ரப்பர் மூடி எடுத்துத் தந்தவ. அளவாய் இறுகிட்டுது.

பத்மினி_மதுரை:

எல்லாத்தையும் ஒரே மூச்சுல படிச்சேன். என்கிட்ட பிரீமியர் பத்மினி, சோலெக்ஸ் கார்ப். அதே மாதிரி ஐட்லிங் ஆடுது. இதே வேலையை அதுக்கும் பண்ணலாமா?

லேத்து_கோவை:

ஸ்பிண்டில் வரைக்கும் அதே கதைதாங்க, ஜெட்டுப் பக்கம் வேற மாதிரி. தனி இழை போட்டு, கழட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துப் போடுங்க. ஆயில் வச்சுப் பாத்தீங்களா?